‘தீர்ந்தது’ என்று எழுதிய டப்பா

மாலை 6:28. டீச்சரக்கா கட்டை விரலால் தட்டி மூடியைத் திறந்தார். இன்னொரு கையை உயர்த்தி எங்களைப் பேசாமல் இருக்கச் சொன்னார். பிறகு டப்பாவுக்குள் பார்த்தார். உயர்த்திய கை இறங்கவேயில்லை.

டப்பா காலி. அறை முழுவதற்கும் வைத்திருந்த ரெய்ஷி காளான், நேற்று மதியம் அவரே சீவி வைத்த எட்டுத் துண்டுகள், ஒன்றுகூட இல்லை.

படிப்பகத்தின் மாடி அறையில் வியாழன்தோறும் மாலை வகுப்பு. தேநீர் வகைகளும் மருந்துக் காளான் கஷாயங்களும் பாடம். பன்னிரண்டு வாரம். இன்று கடைசி. படிப்பகச் செயலாளர் அம்மா ஏழரைக்கு வந்து சுவைத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் அடுத்த பருவமும் வகுப்பு உண்டு. இல்லாவிட்டால் அறை சதுரங்கக்காரர்களுக்கு. டீச்சரக்கா ரெய்ஷிக் கஷாயம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அது மரக்கட்டை மாதிரி இறுகிய காளான். முக்கால் மணி நேரமாவது கொதித்தால்தான் சாறு இறங்கும். அதாவது 6:45-க்குள் அடுப்பில் ஏறியாக வேண்டும்.

பதினேழு நிமிடம் இருந்தது.

அறையில் ஐந்து பேர். டீச்சரக்கா. தையல்கார அண்ணன். அவர் மனைவி, அவரை எல்லோருமே அண்ணி என்போம். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பஸ் பெரியப்பா. அப்புறம் நான். எதையும் எழுதிக்கொண்டே இருப்பதால் எனக்கு நோட்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் எழுதுவது மூன்று பத்தியில். சொல்வது, தெரிந்தது, எனக்கு நடந்தது. இஞ்சித் தேநீர்: குமட்டலுக்கு நல்லது, ஆய்வுகளும் ஓரளவு அப்படித்தான் சொல்கின்றன, பேருந்துப் பயணத்தில் எனக்கு உதவியது. சீமைச்சாமந்தி: தூக்கம் வரும், இருக்கலாம், வகுப்பிலேயே தூங்கினேன். ரெய்ஷி: எதிர்ப்பு சக்தி, இன்னும் உறுதியில்லை, கசப்பு. இப்படி எழுதி என்ன ஆகப்போகிறது என்று வாரம் ஒருமுறை எனக்கே தோன்றும். ஆனாலும் எழுதுவேன்.

யாரும் கேட்காமலே எல்லோரும் பைகளைக் கவிழ்த்தார்கள். அண்ணனின் பையில் அளவு நாடா, சீப்பு, இரண்டு ஆரஞ்சு. பெரியப்பாவின் பையில் சட்டை, அதற்குள் இன்னொரு சட்டை. என் பையில் நான்கு பேனா, அதில் மூன்று எழுதாது. காளான் எதிலும் இல்லை.

அலமாரியில் ஒரே அளவில் எட்டுப் பச்சை டப்பாக்கள். ஆவி பட்டுப் பக்கவாட்டுத் தாள் உரிந்துவிடும் என்பதால் பெயரை மூடியில்தான் எழுத வேண்டும் என்பது டீச்சரக்கா முதல் வாரமே போட்ட சட்டம். அவர் ஒவ்வொரு மூடியாகப் படித்துத் திறந்தார். பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, இஞ்சி, செம்பருத்தி, எலுமிச்சம்புல், ஷீட்டாகே காளான். எல்லாவற்றிலும் அதது இருந்தது. கடைசி மூடியில் ‘சீமைச்சாமந்தி’ என்றும் அதன் கீழே பென்சிலில் ‘தீர்ந்தது’ என்றும் இருந்தது. போன வாரம் அவரே எழுதியது. அதைத் தாண்டிப் போனார்.

6:33. பேச்சு நேரக்கணக்குக்கு வந்தது. படிப்பகச் சாவியை வாங்கி 5:55-க்கு அறையைத் திறந்தவர் பெரியப்பா. பத்து நிமிடம் தனியாக இருந்திருக்கிறார். 6:05-க்கு அண்ணி வந்து கோப்பைகளையும் கரண்டிகளையும் கழுவினார். அப்போது பெரியப்பா தண்ணீர் கேன் எடுக்கக் கீழே போனார். 6:15-க்கு நானும் அண்ணனும் ஒன்றாகப் படியேறினோம். டீச்சரக்கா வந்தது 6:20-க்கு.

“பெரியப்பா, நீங்கதானே மரக்கட்டைத் தண்ணின்னு வாரா வாரம் கிண்டல் பண்ணுவீங்க,” என்றார் அண்ணன், சிரித்துக்கொண்டுதான். ஆனால் வேறு யாரும் சிரிக்கவில்லை.

பெரியப்பா சட்டைகளை மெதுவாக மடித்துப் பைக்குள் வைத்தார். “கிண்டல் பண்ணுவேன். அப்புறம் ரெண்டு டம்ளர் குடிப்பேன். அதையும் எழுதியிருக்கியா நோட்டு?”

எழுதியிருந்தேன். டீச்சரக்கா எதுவும் சொல்லவில்லை என்பதுதான் பெரியப்பாவை அதிகமாகத் தைத்தது. கையில் பையோடு கதவருகே போய் நின்றார். இன்னும் ஒரு வார்த்தை போதும், படியிறங்கிவிடுவார்.

எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். நோட்டைப் புரட்டினேன்.

மூன்றாம் வாரம்: ‘ரெய்ஷி டப்பா கீழே விழுந்தது. விளிம்பு நசுங்கிவிட்டது. இனி கரண்டிக் காம்பால் நெம்பினால்தான் திறக்கும்.’ அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் அந்தக் கரண்டி வந்திருக்கிறது. இன்று, 6:28: ‘கட்டை விரலால் திறந்தார்.’

நான் தப்பாகப் பார்த்திருக்கலாம். அந்தக் காலி டப்பாவை எடுத்து மூடினேன், திறந்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. விளிம்பைத் தடவினேன். ஒரு நெளிவும் இல்லை. உள்ளே முகர்ந்தேன். காளான் டப்பாவில் ஈர மரவாசனை அடிக்க வேண்டும். இதில் ஆப்பிள் தோல் வாசனை, சீமைச்சாமந்தியின் வாசனை.

யாரும் காளானை எடுத்துப் போகவில்லை. மூடிகளைத்தான் மாற்றியிருக்கிறார்கள்.

வெளியாள் என்றால் டப்பாவோடு தூக்கிப் போயிருப்பான். மூடியை மாற்றினாலே பொருளும் மாறிவிடும் என்பது எங்கள் ஐந்து பேருக்கு மட்டுமே தெரியும். அண்ணனும் நானும் ஒரு நொடிகூடத் தனியாக இல்லை. டீச்சரக்கா வந்ததிலிருந்து எங்கள் கண்ணெதிரில். மீதி இரண்டு பேர்.

6:17-க்கு ஒரு வரி எழுதியிருந்தேன். ஏன் எழுதினேன் என்றே தெரியாது. தண்ணீர் கேனோடு திரும்பிய பெரியப்பா அறைச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகை முன் நின்று, “கண்ணாடியை வீட்ல விட்டுட்டேன் நோட்டு, இதுல என்ன போட்டிருக்குன்னு படி” என்றார். எட்டுப் பச்சை டப்பாக்கள், பொடி எழுத்து மூடிகள். அவருக்கு இன்று எட்டும் ஒன்றுதான்.

அப்படியானால் அண்ணி. ஆனால் ஏன்? பன்னிரண்டு வாரத்தில் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தவர். டீச்சரக்கா மேல் உயிர்.

அண்ணனைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலில் எலுமிச்சை அளவு பஞ்சுக் கட்டு. காலையில் ஊசி குத்திவிட்டது என்று படியேறும்போது சொன்னார். அப்போது கட்டின் மேல் கடுகளவு சிவப்பு. இப்போது மிளகளவு. இருபது வருடத் தையல்காரர் ஊசிக் குத்துக்கெல்லாம் கட்டுப் போடுவாரா? காலையில் குத்தியது மாலைவரை கசியுமா? போன வாரக் கடைசி வரியில் விரல் தானாகப் போய் நின்றது. ‘ரெய்ஷி ரத்தத்துல ஏதாவது பண்ணுமா என்று அண்ணி வாசலில் கேட்டார். டீச்சரக்கா அவசரத்தில், ரத்தத்துக்கு நல்லதுன்னுதான் சொல்றாங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.’

6:39. எல்லோர் முன்னாலும் சொல்ல வாய் வரவில்லை. என் கணக்குத் தப்பினால் ஒரு நல்ல மனுஷியை அவமானப்படுத்தியது போலாகும். தப்பாவிட்டாலும், அண்ணன் மறைத்து வைத்திருப்பதை நான் போட்டு உடைத்ததாகும். கழுவுதொட்டிப் பக்கம் போய் அண்ணியின் அருகில் நின்றேன்.

“அண்ணி, அந்தச் சாமந்தி டப்பாவை நான் திறக்கட்டுமா, நீங்க திறக்கறீங்களா?”

துடைத்துக்கொண்டிருந்த கோப்பையை அவர் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. கதவருகே நின்ற பெரியப்பாவைப் பார்த்தார். அப்புறம் நேராக அலமாரிக்குப் போய் ‘தீர்ந்தது’ டப்பாவை எடுத்தார். ஒரு கரண்டிக் காம்பை விட்டு நெம்பினார். மூடி கிறீச்சிட்டுத் திறந்தது. எட்டுத் துண்டும் உள்ளே இருந்தன.

“நான்தான் டீச்சரக்கா. பெரியப்பா, என்னை மன்னிச்சிடுங்க.”

அண்ணன் எழுந்தார். “நீ எதுக்குடி...”

“எதுக்கா? போன மாசத்துலேருந்து ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வேற. கடைசி நாள், ரெண்டு டம்ளர் குடிப்பேன்னு காலைலேருந்து ஒரே பாட்டு. மத்தியானம் மருந்துக்கடைக்காரர்கிட்ட கேட்டேன். அந்த மாத்திரையோட இந்தக் காளான் கூடவே கூடாது, டாக்டரைக் கேக்காம வாயில வைக்காதீங்கன்னாரு. நான் சொன்னா நீங்க கேப்பீங்களா?”

அண்ணன் கட்டுப்போட்ட விரலை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல இருந்தது. வியாதிக்காரன் தைத்த சட்டை என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்றுதான் மாத்திரை விஷயத்தை மறைத்தாராம். இரண்டு சட்டை வைத்திருந்த பெரியப்பா அவற்றை வெளியே எடுத்துக் காட்டினார். இரண்டும் அண்ணன் தைத்தவை. “இதுக்கென்ன சளியா பிடிச்சிருக்கு?” என்றார். அதற்கு அண்ணியே முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது.

டீச்சரக்கா மட்டும் சிரிக்கவில்லை. போன வாரம் தான் அவசரத்தில் சொன்ன பதிலை என் நோட்டில் இரண்டு முறை படித்தார். முதலில் பெரியப்பாவிடம் போய், வாய் திறக்காமல் இருந்தது தன் தப்பு என்றார். அவர் பையை நாற்காலியில் மாட்டினார், அதுதான் பதில். 6:44-க்கு அடுப்பு எரிந்தது.

7:30-க்குச் செயலாளர் அம்மா வந்தார். டீச்சரக்கா கோப்பையை நீட்டவில்லை. முதலில் கேட்டார், “நீங்க என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?” தேநீர்க் கோப்பையோடு கேட்கக்கூடிய கேள்வியா என்று செயலாளர் அம்மா நிமிர்ந்தார். டீச்சரக்கா, பெயர் சொல்லாமல், நடந்ததைச் சொன்னார். இலையோ காளானோ, உடம்புக்குள் வேலை செய்யும் எதுவும் மாத்திரையோடு மோதவும் செய்யும், இதை முதல் வாரமே நான் சொல்லியிருக்க வேண்டும் என்றார்.

செயலாளர் அம்மா தான் எந்த மாத்திரையும் சாப்பிடுவதில்லை என்று சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. அடக்கிக்கொண்டார்.

“கஷாயம் ரொம்ப மோசம்,” என்றார். “கேள்வி நல்லா இருந்தது. எங்க வீட்ல மூணு பேர் மாத்திரைக்காரங்க. என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. அவங்களையும் அடுத்த தடவை கூட்டிட்டு வரலாமா?”

அண்ணன் எழுந்து தன் டம்ளரை உயர்த்தினார். அதில் வெறும் வெந்நீர். டாக்டரிடம் கேட்கும்வரை அவருக்கு அதுதான். பெரியப்பா அவர் பங்கையும் சேர்த்து மூன்று டம்ளர் மரக்கட்டைத் தண்ணீர் குடித்தார். எழுதிக்கொண்டேன்.

8:05. எல்லோரும் கோப்பை கழுவும்போது டீச்சரக்கா ரப்பரோடு அலமாரிக்குப் போனார். சாமந்தி மூடியில் ‘தீர்ந்தது’ என்பதை அழித்து, ஊதி, புதிதாக எழுதினார். கண்ணாடி இல்லாத பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.

“என்ன போட்டிருக்கு, நோட்டு?”

படித்துச் சொன்னேன். “அடுத்த பருவத்துக்கு வாங்கணும்.”