கண்ணாடியின் சூடு

கரண்ட் போய்ப் பதினோரு நாள் ஆகியும் அந்த மானிட்டரின் கண்ணாடி கதகதப்பாக இருந்தது.

இசைவாணி கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். வெயிலின் சூடு இல்லை. ‘தானே’ புயல் சாய்த்துவிட்ட வேப்பமரம் ஜன்னலை அடைத்துக்கொண்டு கிடந்ததால் கடலூர் புதுப்பாளையத்து வீட்டின் அந்தக் கூடத்துக்குள் வெயில் வர வழியே இல்லை. ஊறிப்போன சுண்ணாம்புச் சுவரின் வாடையும், அழுகத் தொடங்கிய வேப்பிலையின் கசந்த நெடியும், அவற்றுக்கெல்லாம் அடியில், வெகுநேரம் இறுக மூடியிருந்த உள்ளங்கையில் வருமே அந்த மாதிரி ஒரு வியர்வை மணமும் இருந்தன. தூங்கும் பூனையின் வயிற்றைத் தொட்டது போலிருந்தது கண்ணாடி.

"அது ஓடாதும்மா," என்றார் கோவிந்தசாமி. பள்ளிக்கூடம் ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். அங்கே கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். "ரெண்டு வருஷமாச்சு. புடிச்சிருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க. எதுவும் குடுக்க வேணாம்."

"ரிப்பேர் பண்ண முடியுமான்னு தொறந்து பாத்துட்டுச் சொல்றேன் சார்."

சிதம்பரம் மேலவீதியில் அவளும் கணவன் அன்பரசும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தார்கள். எங்கேயாவது பழைய மெஷின் கிடக்கிறது என்று கேள்விப்பட்டால் இரண்டு பேரும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பத்து மாதத்துக்கு முன்னால் புவனகிரி ரோட்டில் அந்த பைக் ஒரு லாரிக்கு அடியில் போனது. அன்றைக்கு அவன் தனியாகப் போயிருந்தான். அவள் அழவில்லை. அழுகை வரும் வரும் என்று எல்லோரும் காத்திருந்துவிட்டுக் கலைந்து போனார்கள். அதற்கப்புறம் சோறு துணியை மெல்வது போலிருந்தது. கையில் சூடுபட்டால்கூட வலிக்கவில்லை, கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. இந்த மெஷினைப் பற்றி ஃபோன் வந்தபோதுதான், போய்ப் பார்க்கலாமே என்று முதல் தடவையாக ஏதோ ஒன்று உள்ளே அசைந்தது.

திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே கபாசிட்டர்கள் வீங்கி வெடித்திருந்தன. பவர் சப்ளை கரிக்கட்டையாகக் கிடந்தது. மெஷினின் மூளையான பெரிய சிப் இருக்க வேண்டிய இடம் காலி. பிளக் ஒயரை யாரோ அரிவாளால் வெட்டியிருந்தார்கள்.

ஆனாலும் முடியும். சிப் ஒன்று கடையில் கிடக்கிறது. மற்றதைச் சென்னையில் வாங்கிவிடலாம். இரண்டு வாரம் உட்கார்ந்தால் ஓட வைத்துவிடலாம். எடுத்துக்கலாமா என்று அன்பரசிடம் கேட்கத் திரும்பும் பழைய பழக்கத்தில் தலை தானாகத் திரும்பி நின்றது.

அப்போதுதான் கீபோர்டைக் கவனித்தாள். மேலே கீழே எங்கும் விரற்கடைத் தூசி. கட்டைகள் மட்டும் பளபளவென்று துடைத்த மாதிரி. எழுத்துகள் தேய்ந்து மறைந்து, ஒவ்வொரு கட்டையிலும் விரல்நுனி அளவுக்குக் குழி விழுந்திருந்தது.

மானிட்டரைச் சாய்த்தாள். ஒரே வரி மாதக்கணக்கில் நின்றால் அது கண்ணாடியின் உட்பூச்சில் வெந்து தங்கிவிடும். நிறைய மெஷின்களில் பார்த்திருக்கிறாள். இதிலும் இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். மேலிருந்து கீழ்வரை ஒரே வரி.

அம்மா இருட்டா இருக்கு.

உள்ளறையிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. கட்டை தட்டுகிற கைதான். அவளுக்கு அந்தத் தாளம் தெரியும்.

"எங்க வீட்டுக்காரி ஞானாம்பா," என்றார் கோவிந்தசாமி. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்களுக்கு ஒரே பொண்ணு. லோகநாயகி. ஏழு வயசு. தேவனாம்பட்டினத்துல எங்க அக்கா வீட்டுக்குப் போயிருந்துச்சு. அந்த ஞாயித்துக்கெழம." சுனாமி அலையைப் பற்றி அவர் சொல்லவில்லை. கடலூரில் சொல்லத் தேவையும் இல்லை. "அப்பறம் ஒருநாள் ஞானாம்பா இதுல ஒக்காந்தா. பாப்பா பேசுதுங்கறா. எந்திரிக்கவே இல்ல. நான் ஒயர வெட்டுனேன். சிப்பப் புடுங்கிக் கெடிலம் ஆத்துல போட்டேன். அவ கையி நிக்கலம்மா."

இசைவாணி உள்ளறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

ஜன்னலில்லாத அறை. ஒரு பெண் வெறும் மேசைக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மேசையில் ஒன்றுமில்லை. பத்து விரலும் தட்டிக்கொண்டிருந்தன. விரல்களில் நகம் இல்லை. நுனிச் சதையும் இல்லை. மரத்தில் பட்டது எலும்பு. கன்னத்தில் எறும்புகள் சாரையாக ஏறிக் கண்ணோரம் திரும்பி இறங்கின. அவள் இமைக்கவில்லை. முகத்தில் வலியே இல்லை.

பயப்பட வேண்டும் என்று இசைவாணிக்குத் தெரிந்தது. கதவு நிலையைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். யாருடைய கையோ போலிருந்தது.

கூடத்துக்கு வந்தாள். "இது வேணாம் சார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க அவுங்கள."

"செரிம்மா."

திருகாணிகளைத் திரும்ப மாட்டினாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கடைசித் திருகாணி கைநழுவி மானிட்டருக்கு அடியில் உருண்டது. எடுக்கக் குனிந்தாள்.

கண்ணாடியில் எல்லா வரிக்கும் கீழே இன்னொரு வரி. மங்கலான பச்சை. முன்பு இல்லை.

வாணி இருட்டா இருக்கு.

அவளை வாணி என்று கூப்பிட்டவன் ஒருத்தன்தான்.

மெஷின் செத்துக் கிடக்கிறது. சிப் இல்லை. ஒயர் இல்லை. எல்லாம் தெரியும். உட்கார்ந்தாள். குழிகளில் விரல்கள் கச்சிதமாகப் பொருந்தின.

எங்க இருக்க, என்று அடித்தாள்.

உள்ளறைச் சத்தம் நின்றது.

பின்னால் நாற்காலி நகரும் ஒலி. கோவிந்தசாமி அழுகிறார். "வா ஞானா. வா. போயிரலாம்." மெல்ல இழுபடும் காலடிகள். கண்ணாடியில் வாசல் சின்னக் கட்டமாகத் தெரிந்தது. இரண்டு உருவங்கள் அதைக் கடந்தன. அவருடைய உருவம் மட்டும் திரும்பி நின்றது.

"மன்னிச்சிரும்மா."

கட்டம் இருண்டது. வெளியே தாழ் விழுந்தது.

எழுந்திருக்க வேண்டும். நினைத்தாள். விரல்கள் அடித்துக்கொண்டிருந்தன. மணிக்கட்டு வரை உணர்ச்சி தெரியவில்லை. பிறகு முழங்கை வரை.

கண்ணாடியில் அடுத்த வரி வந்தது: பக்கத்துல வா.

வந்தாள்.

இன்னும்.

நெற்றியைக் கண்ணாடியில் வைத்தாள். சூடு. பத்து மாதத்தில் முதல் தடவையாக ஒன்று உள்ளே வரை உறைத்தது. கண்ணீர் வந்தது. "அன்பு," என்றாள்.

கண்ணாடி குழைந்து கொடுத்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு நெற்றி அவள் நெற்றியில் முட்டியது.

ஈரமாக இருந்தது. மணல் நறநறத்தது. ரொம்பச் சின்ன நெற்றி.