குளிர்காலக் கறவை

கோடையில் கட்டிப்பிடித்து வரவேற்ற ஊர், ஜனவரியில் ரெகினாவின் முகத்தையே பார்க்கவில்லை.

பேருந்தை விட்டு இறங்கியதும் ரொட்டிக்கடை பெர்த்தாவைப் பார்த்துக் கையசைத்தாள். ஜூலையில் "எங்க ஊரு மருமகளே" என்று கன்னத்தைக் கிள்ளிய அதே பெர்த்தா, வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தவள், வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தேவாலயத்தருகே நின்றிருந்த இரண்டு ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அது வணக்கம்போல இல்லை. சவப்பெட்டி கடந்துபோகும்போது கழற்றுவார்களே, தரையைப் பார்த்தபடி, அப்படி.

"என்னாச்சு இவங்களுக்கெல்லாம்?"

"குளிர்காலத்துல இங்க எல்லாரும் இப்படித்தான். வாயத் திறந்தா பல்லு கூசும்," என்றான் காசியன்.

கல்யாணமாகி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் சிரித்தால் அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். வந்தது.

கோடையில் பத்து நாள் மேலே மேய்ச்சல்மேட்டுக் குடிலில் இருந்தார்கள். அறுத்த புல் வெயிலில் காயும் இனிப்பு வாசனை, சரிவெங்கும் மணிச்சத்தம், மாலையில் மாடுகளின் வயிற்றிலிருந்து வீசும் கணகணப்பு. இன்ஸ்புரூக் நகரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸாக மருந்து வாடையிலேயே வாழ்ந்தவளுக்கு அதெல்லாம் பரிசு மாதிரி இருந்தது. காசியனின் தங்கை வில்மா அவளை விடவில்லை. தினமும் பால் கறக்க உட்கார்த்தி வைத்தாள்.

"கட்டைவிரல மடக்காதீங்க அண்ணி! மாடு என்ன உங்க பேஷண்டா, இப்படிப் பயந்து பயந்து தொடுறீங்க?"

பத்தாம் நாள் வாளி நிரம்பியது. வில்மா கைதட்டினாள். காசியன் கண் கலங்கிப்போய் அவள் விரல்களை ஒவ்வொன்றாக முத்தமிட்டான். இந்தக் குடும்பம் தன்னை இவ்வளவு நேசிக்கிறதே என்று அன்று ரெகினா தூங்கவேயில்லை.

இந்த முறை, வந்த மறுநாள் காலையிலேயே காசியன் சறுக்குவண்டியை வெளியே இழுத்தான். மேலே கொட்டகையில் கிடக்கும் உலர்புல்லைப் பனி இறுகியிருக்கும்போதே கீழே கொண்டுவந்துவிட வேண்டும், அரைநாள் வேலை.

"நீயும் வா. பார்த்த இடந்தானே."

வில்மாவோடு மூவரும் ஏறினார்கள். பனி எல்லாச் சத்தத்தையும் விழுங்கியிருந்தது. தன் மூச்சும், காலடியில் பனி நொறுங்குவதும், பின்னால் வரும் வண்டியின் கட்டைகள் இழுபடுவதும் தவிர வேறொன்றும் ரெகினாவுக்குக் கேட்கவில்லை. காட்டின் கடைசி மரங்களைத் தாண்டியபோதுதான் மேலேயிருந்து ஒரு மணி கேட்டது. மாடு தலையை அசைத்தால் வரும் சோம்பலான ஒற்றை மணி.

அவள் நின்றாள். "மாடெல்லாம் செப்டம்பர்லயே கீழ வந்துடுச்சே?"

"காத்தா இருக்கும் அண்ணி," என்றாள் வில்மா, திரும்பாமலே.

காற்று இல்லை. குடிலின் புகைபோக்கியிலிருந்து புகை ஊசிபோல நேராக எழும்பிக்கொண்டிருந்தது.

"நேத்து நாந்தான் வந்து அடுப்ப மூட்டிட்டுப் போனேன், உனக்குக் குளிருமேன்னு," என்றான் காசியன். நேற்று முழுக்க அவன் அவள் பக்கத்தில்தான் இருந்தான். குடிலைச் சுற்றிப் பனியில் ஒரு காலடித்தடம்கூட இல்லை. வில்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏன் பொய் சொல்கிறாய் என்று கேட்டிருக்கலாம். அவன் அவள் நெற்றியில் முத்தமிட்டு, "உள்ள போய் உக்காரு. புல்ல ஏத்திட்டுக் கூப்பிடுறேன்," என்றான். போனாள்.

உள்ளே அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. ஆனாலும் அறையில் சூடு இல்லை. மேசைமேல் ஒரு சட்டி பால், மேலே ஆடை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. யாரோ இப்போதுதான் வைத்துவிட்டுப் போனதுபோல.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"காசியன்? விளையாடாத. கதவத் திற."

 அவள் இரண்டு கையாலும் தட்டினாள்.

"சத்தம் போடாதீங்க அண்ணி." வில்மாவின் குரல் உடைந்திருந்தது. "அவங்களுக்குச் சத்தம் பிடிக்காது."

"யாருக்குடி?"

பதில் சொன்னது காசியன். கதவோடு வாயை ஒட்டிவைத்து, நோயாளியின் வீட்டாருக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னான். "மாடெல்லாம் இறங்கினப்புறம் இங்க குடியேறுறவங்க. மார்த்தா ஆறு குளிர்காலமா அவங்ககிட்ட இருக்கா. கறக்கப் பழகின இன்னொரு கை வந்தாத்தான் அவள விடுவாங்களாம். கூட்டிட்டு வரவனுக்கு அந்தக் கை சொந்தமா இருக்கணுமாம்."

மார்த்தா அவனுடைய முதல் மனைவி. பனிச்சரிவில் போனாள், உடல்கூடக் கிடைக்கவில்லை என்று ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுதிருக்கிறான். ரெகினா அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேர்ந்து அழுதிருக்கிறாள். அந்த அழுகை பொய்யில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"நான் உன் பொண்டாட்டிடா!"

"அவளுந்தான்," என்றான்.

பின்பக்கம் தொழுவத்துக்குப் போகும் சின்னக் கதவு. அதற்கு அப்பால் ஒரு மணி. இன்னொன்று. பிறகு பல. கூடவே, வாளியில் பால் பீச்சும் ஓசை. சர். சர். சர். மாட்டுவாடை கதவிடுக்கு வழியே கசிந்தது. அதில் சூடு இல்லை. பழைய பனியின் வாடை.

பீச்சும் ஓசை நின்றது.

கதவு திறந்தது.

கறவை அங்கியில் ஒரு பெண். முடியெல்லாம் உறைபனி. இரண்டு கைவிரல்களும் எதையோ பிடித்தபடியே மடங்கி இறுகிப்போயிருந்தன. ரெகினாவைப் பார்க்காமல் கடந்தாள். வாசல் தாழ்ப்பாள் தானாக எழும்பியது. வெளிச்சம். காசியனின் கதறல்: "மார்த்தா, என் கண்ணே!"

ரெகினா பாய்ந்தாள்.

பின்னாலிருந்து அவள் முழங்கையை ஏதோ பற்றியது. இறுக்கமாக இல்லை. மிரளும் கன்றை நிறுத்துவதுபோல, பொறுமையாக. ஆனால் அதற்குமேல் ஓர் அடிகூட வைக்க முடியவில்லை. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தாள்.

வெளியே, பட்டப்பகல் வெயில். காசியன் அந்தப் பெண்ணைக் கம்பளியால் சுற்றி வண்டியில் உட்கார்த்தினான். அழுதான், சிரித்தான், பேசிக்கொண்டேயிருந்தான். அவன் வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு எழுந்தது. முன்னால் வழிபார்த்துப் போய்க்கொண்டிருந்த வில்மாவிடமிருந்தும் எழுந்தது.

மார்த்தாவிடமிருந்து இல்லை.

காசியன் வண்டியின் முன்னால் வளைந்திருந்த பிடிக்கொம்புகளைப் பிடித்துக்கொண்டு சரிவைப் பார்த்துத் திரும்பி நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் மார்த்தா மெல்ல வாயைத் திறந்தாள். நாக்கு இல்லை, பல் இல்லை. தொண்டை வரை பனி அடைத்திருந்தது.

ஒரு தட்டு தட்டினால் போதும். அவன் திரும்பிப் பார்த்துவிடுவான். ரெகினாவின் கை ஏற்கெனவே கண்ணாடி வரை உயர்ந்திருந்தது.

இறக்கிக்கொண்டாள்.

வண்டி நழுவி வேகம் பிடித்தது. மடங்கிய இரண்டு கைகள் பின்னாலிருந்து அவன் கழுத்தைச் சுற்றி வளைந்தன. அவன் கன்னத்தைச் சாய்த்து அந்தக் கையில் வைத்துக்கொண்டான். கீழே ஊரில், புகைபோக்கிகளுக்கு நடுவே, தேவாலய மணி சந்தோஷமாக அடிக்கத் தொடங்கியது.