நினைவுமண்

கார்கள் ஒழிந்தபின் கோவையின் மேம்பாலங்களில் மண் கொட்டி, முதியோருக்குப் பாத்தி பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். அவிநாசி ரோடு மேம்பாலத்தில் சுகன்யாவுக்குக் கிடைத்தது கட்டில் அளவில் ஒரு கத்தரிப் பாத்தி. பால்கனியில் வைத்த மணி பிளான்ட்டைக்கூடக் காயவிட்டவள் அவள். செடி என்றால் ஆன்லைனில் வாங்கி, ஒரே மாதத்தில் கொன்றுபோடும் தலைமுறை அது. அந்தத் தலைமுறைக்கு வயதான காலத்தில் தோட்ட வேலைதான் வைத்தியம் என்று வந்து சேர்ந்தது.

பாத்தியில் இருந்தது நினைவுமண். அதைக் கிளறினால் எழும் வாசனையோடு ஒரு நுண்ணுயிரி மூக்கின் வழியே ஏறி, தூங்கிப்போன மூளைச் செல்களைத் தட்டி எழுப்பும். சும்மா முகர்ந்தால் பலிக்காது. குனிந்து நிமிர்ந்து, மூச்சு வாங்க வேலை செய்ய வேண்டும். தினமும் செய்ய வேண்டும். விட்டுவிட்டால் சில வாரங்களில் மறதி பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை மணிக்கட்டில் மாட்டிய நலக்காப்பு நிறத்தில் காட்டிவிடும். பச்சை என்றால் குணம்.

கோகுல்ராஜ் தன் மனைவி சுகன்யாவை இங்கே கூட்டி வந்தது சுயநலத்தில்தான். இருவரும் ஒன்றாகக் கல்லூரியில் அரியர் வைத்து, காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள். தலை நரைத்த பிறகும் அவரை அவள் 'டா' போட்டுத்தான் கூப்பிடுவாள். மறதி நோய் முற்றியபின் ஒருநாள், "அண்ணா, கொஞ்சம் தண்ணி தர்றீங்களா?" என்று கேட்டாள். அந்த மரியாதையை அவரால் தாங்க முடியவில்லை.

மண்ணில் கைவைத்து இரண்டு மாதம் ஆனபோது, செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டேய், களைக்கொத்த எங்கடா வச்ச?"

அவர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்து அழுதார். தோட்ட மருத்துவர் ரெஹானா ஓடிவந்து பார்த்தாள். நலக்காப்பு பச்சையாகியிருந்தது.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. அவர்களுடைய ஒரே மகன் ஆதர்ஷ் காய்ச்சலில் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. மறதி தொடங்கிய காலத்தில் சுகன்யா அவனைக் கேட்பாள். உண்மையைச் சொன்னால், அப்போதுதான் செத்ததுபோல ஒவ்வொரு முறையும் கதறுவாள். அதனால் அவன் கனடாவில் இருப்பதாகச் சொல்லப் பழகியிருந்தார் கோகுல்ராஜ். அவளும் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"டேய், ஆதர்ஷ் கனடாவுல இல்ல. செத்துட்டான்ல?"

பொய் வாய்வரை வந்தது. ஆனால் இப்போது எதிரில் இருந்தவள் அவரை முழுதாகத் தெரிந்தவள்.

"ஆமா புள்ள" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு கொத்துக்கும் மண் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தது. ஆஸ்பத்திரி வாடை வந்தது. நெற்றியின் சூடு வந்தது. "அம்மா, ஃபேனப் போடு" என்ற அவனுடைய கடைசிப் பேச்சும் வந்தது. அவள் அழ அழ, நலக்காப்பின் பச்சை இன்னும் அழுத்தமானது.

அவர் மருத்துவரிடம் போய், நிறுத்திவிடலாமா என்று கேட்டார்.

"நிறுத்துனா உங்களையும் மறந்துருவாங்க. தெரியுமில்லீங்களா?"

"வேற யாராச்சும் இப்படிக் கேட்டிருக்காங்களா டாக்டர்?"

ரெஹானா காலியாகக் கிடந்த பாத்திகளைப் பார்த்தாள். "குணமாகலைன்னு யாரும் வராம நின்னதில்லைங்க. நின்னவங்க எல்லாருமே பச்சைதான்."

அன்று சாப்பிடும்போது சுகன்யாவே பேச்சை எடுத்தாள். "இனி என்னைய அங்க கூட்டிட்டுப் போகாதடா."

"அப்பறம் உன் நெனப்புலருந்து நானும் போயிருவனே."

"நீ எங்க போற? நாந்தான் போறேன். யாரோன்னு நெனச்சு ஏதாச்சும் சொன்னா கோவிச்சுக்காத."

ஒரே ஒரு நாள் மட்டும் வா என்று கெஞ்சினார். வந்தாள். அந்த ஒரே ஒரு நாள் என்ற பேச்சிலேயே இரண்டு வாரம் ஓட்டினார். அந்த 'டா'வைக் கேட்காமல் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. அது தெரிந்துதான் அவளும் மறுக்காமல் வந்து, அழுதுகொண்டே கொத்தினாள்.

கடைசியில் ஒரு காலையில் குனிந்தவள் நிமிரவில்லை. மண்ணிலேயே முகத்தை வைத்துக்கொண்டு, "எம்புள்ள, எம்புள்ள" என்று முனகினாள். கோகுல்ராஜ் அவளைத் தூக்கி நிறுத்தி, கைத்தாங்கலாகக் குழாயடிக்குக் கூட்டிப்போனார். "இனி வர வேண்டாம் புள்ள" என்று முகத்தைத் துடைத்துவிட்டார். சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்தார்.

"நகத்துக்குள்ள இருக்குடா, நல்லா எடு" என்றாள் அவள்.

ஈர்க்குச்சி ஒன்றை ஒடித்து, ஒவ்வொரு நகமாகச் சுத்தம் செய்தார். நிதானமாகச் செய்தார். ஏன் அவ்வளவு நிதானம் என்று அவளுக்குத் தெரியும். அவர் முகத்தையே பார்த்தபடி கையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"முடிஞ்சுதாடா?"

"இன்னும் ஒரு விரல் இருக்கு" என்றார்.

அந்த விரலில் மண் எதுவும் இல்லை.