அக்காவின் வயிற்றில் ஒரு கிண்ணம்

துருவிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. எதைக் கண்டாலும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் எல்லோரும் அவளைத் துருவி என்றே கூப்பிட்டார்கள். அப்படிப்பட்டவளுக்கே அந்தச் சனிக்கிழமை தலை சுற்றியது.

காலையில் சித்தி இரண்டு பெட்டிகளோடு வந்து இறங்கினார். பெட்டிக்குள் சின்னதும் பெரியதுமாக வெண்கலக் கிண்ணங்கள்.

"சாப்பிடறதுக்கா சித்தி?"

"இல்லடி, ஒலி சிகிச்சைக்கு. சாயங்காலம் எல்லாரும் ஹால்ல படுத்துக்குவாங்க. நான் தட்டுவேன்."

"யாரை?"

"கிண்ணத்தை!"

துருவி ஒரு கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள். காலியாக இருந்தது. "மருந்து எங்கே?"

"சத்தம்தான் மருந்து" என்ற சித்தி, துணி சுற்றிய கட்டையால் கிண்ணத்தை மெல்லத் தட்டினார். ஙொய்ய்ங் என்று ஒலி எழுந்து, நீண்டு, மெல்லத் தேய்ந்தது. "சத்தம்னா அசைவு. கிண்ணம் அசையுது, அது காத்தை அசைக்குது, காத்து காதை அசைக்குது. இப்படி மெதுவா, ஒரே சீரா கேட்டுட்டே படுத்திருந்தா மூச்சு தானா மெதுவாகும். மூச்சு மெதுவானா படபடப்பும் குறையும்."

"ஜலதோஷம் போயிடுமா?"

"போகாது. அதுக்கு டாக்டர்கிட்டதான் போகணும். இது உடம்பும் மனசும் கொஞ்சம் ஓய்வெடுக்க."

எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "என் மெஷினும் சத்தம்தாம்மா போடுது. அதைக் கேட்டு யாரும் ஓய்வெடுத்ததில்லையே! எழுந்து ஓடத்தான் பார்க்கறாங்க."

அதுவும் சரிதானே? துருவிக்கு முதல் குழப்பம் ஆரம்பித்தது.

சாயங்காலம் எல்லோருக்கும் முன்னால் பாய் விரித்தவள் அக்காதான். அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. வீட்டில் எல்லோரும் அவளிடம் கையால்தான் பேசுவார்கள். கோபம் வந்தால் அம்மா கையாலேயே கத்துவார்.

சித்தி அம்மாவிடம் குனிந்து, "அவளுக்கு எதுக்குப் பாய்? பாவம், போரடிக்குமே" என்றார்.

மெல்லத்தான் சொன்னார். ஆனால் மெல்லச் சொன்னாலும் கத்திச் சொன்னாலும் அக்காவுக்கு ஒன்றுதான். அவள் உதட்டைப் படிக்கிறவள்.

அக்கா பாயைச் சுருட்டினாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

துருவி பின்னாலேயே ஓடினாள். என்ன சொல்வது? எப்படிச் சொல்வது? கைகள் தடுமாறின. "கிண்ணம் பாடும். மூச்சு தூங்கும். படபடப்பு ஓடும்" என்று காட்டினாள்.

அக்கா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலா உனக்கு?" என்று கையால் கேட்டாள்.

பிறகு அவள் கைகள் மெதுவாக அசைந்தன. "திங்கட்கிழமை புதுப் பள்ளிக்கூடம். அங்கே என் கை பேச்சு யாருக்கும் தெரியாது. நினைச்சாலே வயிறு முடிச்சு போட்டுக்குது. இந்த வீட்டுல படபடப்பு எனக்குத்தான். ஆனா மருந்து காது வழியாத்தான் உள்ளே போகுமாம். என் காதுல கதவே இல்லையே!"

அவள் விரல் நகங்களெல்லாம் கடித்துக் கடித்துக் கட்டையாகியிருந்ததைத் துருவி அப்போதுதான் பார்த்தாள்.

துருவி ஹாலுக்குத் திரும்பி வந்து கிண்ணங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தம் அசைவு. சரி. அசைவு மருந்து. சரி. அக்காவுக்குச் சத்தம் கிடையாது. அப்படியானால் அசைவும் கிடையாதா? யோசிக்க யோசிக்க நூல் சிக்கிக்கொண்டே போனது.

சித்தி பெரிய கிண்ணத்தைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். துருவி சும்மா அதன் விளிம்பைத் தொட்டாள். விரல் குறுகுறுத்தது. ஒலி சட்டென்று நின்றுவிட்டது.

"தொடாதேடி! தொட்டா நின்னுடும்."

"நின்னு எங்கே போச்சு சித்தி?"

"எங்கே போச்சா? உன் கைக்குள்ள போச்சு, போ!"

சித்தி விளையாட்டாகத்தான் சொன்னார். துருவி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கைக்குள்ளே போனதா? அக்காவுக்கும் கை இருக்கிறதே!

"சித்தி, இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"

"எதுக்கு?"

"சரியாத் தெரியல. எனக்கே குழப்பமாத்தான் இருக்கு. ஆனாலும் கொடுங்களேன்."

கிண்ணம் நல்ல கனம். துருவி அதையும் கட்டையையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். எதையும் விளக்கவில்லை. அக்காவின் உள்ளங்கையை விரித்து, அதன்மேல் கிண்ணத்தை வைத்து, கட்டையால் தட்டினாள்.

அக்கா திடுக்கிட்டாள். கிண்ணத்தைத் தூக்கி அடியில் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. "மறுபடி" என்று ஒற்றைக் கையால் காட்டினாள்.

மறுபடி தட்டினாள் துருவி. அக்கா கிண்ணத்தை முழங்கால்மேல் வைத்துப் பார்த்தாள். பிறகு மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். துருவி தட்டியதும் கலகலவென்று சிரித்துவிட்டாள்.

"உள்ளே தேனீ ஓடுது!" என்றன அவள் கைகள். "முடிச்சைச் சுத்தியே ஓடுது!"

சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த சித்தி வாசலிலேயே நின்றார். அவர் முகம் வாடிப்போனது. "நான்தான் யோசிக்காம பேசிட்டேன். மன்னிச்சுக்கோன்னு கையால எப்படிச் சொல்றது?" என்று துருவியிடம் கேட்டார்.

துருவி காட்டிக் கொடுத்தாள். சித்தி அக்காவின் எதிரில் வந்து அதேபோல் செய்தார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?"

"நீங்க வெங்காயம்னு சொல்லிட்டீங்க சித்தி."

சித்தி மறுபடி முயன்றார். இந்த முறை சரியாக வந்தது. அக்கா எழுந்து பாயை எடுத்துக்கொண்டாள்.

ஹாலில் எல்லோரும் கண்ணை மூடிப் படுத்தார்கள். அக்காவின் வயிற்றில் பெரிய கிண்ணம். சித்தி ஒவ்வொரு கிண்ணமாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒலி அலை அலையாக அறையை நிறைத்தது. நடுவில் கொர்ர் என்று ஒரு புதுச் சத்தம் கேட்டது. அது எந்தக் கிண்ணம் என்று துருவி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். பல் டாக்டர் தூங்கிவிட்டிருந்தார்.

அக்காவின் வயிறு மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. சுருட்டியே கிடந்த அவள் விரல்கள் விரிந்திருந்தன.

கடைசியாகச் சித்தி அக்காவின் கிண்ணத்தைத் தட்டினார். ஒலி தேய்ந்து தேய்ந்து மறைந்தது. மேலே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. "அவ்வளவுதான், முடிஞ்சுது" என்றார் சித்தி. அப்பா எழுந்து உட்கார்ந்தார். அம்மா பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். பல் டாக்டர் விழித்துக்கொண்டு, "நான் தூங்கவே இல்லையே" என்றார்.

அக்கா கண்ணைத் திறக்காமல் ஒரு கையை உயர்த்தினாள். பொறுங்கள்!

எல்லோரும் அப்படியே அசையாமல் இருந்தார்கள். அம்மா பாதி சுருட்டிய பாயோடு நின்றார். யார் காதுக்கும் எதுவும் கேட்கவில்லை. சித்தி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தார். அவருக்கும் கேட்கவில்லை. துருவிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவின் கை கீழே இறங்கியது. அவள் கண்ணைத் திறந்து புன்னகையோடு விரல்களை அசைத்தாள்.

துருவி அதை எல்லோருக்கும் உரக்கச் சொன்னாள்:

"இப்பத்தான் முடிஞ்சுதாம்!"