மூன்றாவது தட்டு

மேலூரில் பஸ் மாறி, திருவாதவூர் ரோட்டில் இருந்த அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்கு நான் சமையல் வேலைக்குப் போனது ஒரு தை மாதம். நார்வேயிலிருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்கு வந்த எர்லிங் ஐயாவும் சிக்ரிட் அம்மாவும் அங்கே இருந்தார்கள். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டியிருந்தது. பேரன் பேத்தியைக் கொஞ்சவேண்டிய வயதில் இந்த வெயிலில் வந்து வேக என்ன தலையெழுத்தோ என்று நினைத்தேன். காலையில் வேதம் வாசிப்பார்கள். பிறகு கல்குவாரிக் குடிசைகளுக்குப் போவார்கள். ஐயா ஜெபிப்பார், அம்மா புண்ணுக்கு மருந்து கட்டுவார். பன்னிரண்டரைக்குச் சாப்பாடு.

சாப்பிடுவது இரண்டு பேர். மேசையில் தட்டு மூன்று.

மூன்றாவதிலும் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் வைக்க வேண்டும். "ஆண்டவரே வாரும், எங்கள் விருந்தாளியாக இரும்" என்று கண்ணை மூடி நெடுநேரம் ஜெபிப்பார்கள். ஐயாவின் அப்பா காலத்திலிருந்து வரும் பழக்கமாம். எங்கள் பக்கம் ஆளில்லாத இடத்தில் சோறு வைத்துக் கூப்பிடுவது செத்தவர்களைத்தான்.

"ஐயா, உச்சி வேளையில இப்படிக் கூப்பிடாதீக. எது வேணும்னாலும் வந்து உக்காந்துரும்."

ஐயா சிரித்தார். "வரட்டும் செல்லத்தாய். அதற்குத்தானே அழைக்கிறோம்."

ஜெபம் தொடங்கிவிட்டால், சாப்பிட்டு எழும்வரை கேட்டைத் திறக்கக் கூடாது. அது ஐயாவின் சட்டம். சித்திரையில் ஒருநாள் ஜெபத்தின் நடுவே கேட்டை யாரோ தட்டினார்கள். ஓடிப் போய்ப் பார்த்தேன். குவாரிக்காரி ஒருத்தி. தலை முதல் கால் வரை வெள்ளைக் கல்தூசி.

"அக்கா, ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல. ஒரு வாய் சோறு தாங்க."

"ஜெபம் நடக்குது தாயி. அப்புறமா வா."

கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்தால் சாப்பாட்டு மேசை தெரியும். அவள் அதையே பார்த்தாள். "அந்தத் தட்டு சும்மாதான இருக்கு?"

"அது சாமிக்கு. போ."

என் நாக்கில் புழு விழ!

அவர்கள் கை கழுவியபின் கேட்டைத் திறந்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. உயிர் இல்லை. பெயர் முத்துமீனா என்று பிறகு சொன்னார்கள்.

"நம்மிடம் ஏதாவது கேட்டாளா?" என்றார் ஐயா.

"இல்லங்கய்யா. நான் பாக்கவே இல்ல." வேலை போய்விடும் என்ற பயத்தில் வாய் கூசாமல் சொன்னேன்.

மறுநாள் ஜெப நேரத்தில் கல்தூசியும் வேர்வையும் கலந்த வாடை வீட்டுக்குள் வந்தது. பிறகு, தட்டை நகம் சுரண்டும் சத்தம்.

அடுப்படி வாசலில் நின்ற நான் மட்டும் கண்ணை மூடவில்லை.

மூன்றாவது தட்டில் சோறு ஐந்து விரல் பதிந்து குழிந்தது. கை இல்லை. சோறு மட்டும் குறைந்துகொண்டே போனது.

ஜெபம் முடிந்தபோது தட்டு வழித்து நக்கியதுபோல் இருந்தது. ஐயா முழங்காலில் விழுந்து அழுதார். "வந்துவிட்டார்! நாற்பது வருடம் அழைத்தேன், வந்துவிட்டார்!"

அன்றிலிருந்து சிக்ரிட் அம்மாவுக்குப் பசி. எவ்வளவு போட்டாலும் தின்றார். தின்னத் தின்ன இளைத்தார். மதுரையில் பெரிய டாக்டர்களிடம் காட்டியும் ஒன்றும் பிடிபடவில்லை. இருபது நாளில் எலும்பும் தோலும் ஆகிவிட்டார். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் ஐயா அந்தத் தட்டை நிறுத்திவிடுவார், அம்மா பிழைத்துக்கொள்வார் என்று தோன்றியது. ஆனாலும் சொல்லவில்லை. நானெல்லாம் ஒரு மனுஷி!

ஒருநாள் மத்தியானம் அம்மா என் கையைப் பிடித்தார். கை நெருப்பாகச் சுட்டது.

"வந்திருப்பது யார், செல்லத்தாய்?"

"எனக்குத் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியும்," என்று கிசுகிசுத்தார். "அன்று கேட்டில் அவள் சோறு கேட்ட குரல் எனக்கும் கேட்டது. நானும் கண்ணைத் திறக்கவில்லை."

அதிலிருந்து நான்காம் நாள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாளும் ஐயா மேசைக்கு வந்து உட்கார்ந்தார். என்னால் தாங்க முடியவில்லை. காலில் விழுந்தேன்.

"ஐயா, வாரது உங்க ஆண்டவர் இல்ல. அந்த முத்துமீனா. சோறு கேட்டு வந்தவள நான்தான் விரட்டுனேன். இனியாச்சும் கூப்பிடாதீக."

ஐயாவுக்கு முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது.

"வந்தது அவர் இல்லை என்றால், என் சிக்ரிட் எதற்காகச் செத்தாள்?"

ஐயா மூன்றாவது தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இனி இதை யாரிடமும் சொல்லாதே. சோறு போடு."

போட்டேன். ஐயா கண்ணை மூடி, "ஆண்டவரே, வாரும்" என்றார்.

வாடை வந்தது.

மூன்றாவது தட்டுக்கு எதிரே இருந்த காலி நாற்காலி தரையை உரசிக்கொண்டு நகர்ந்தது. மேசைப் பக்கம் இல்லை. மெல்லத் திரும்பி, அடுப்படி வாசலில் நின்ற என்னைப் பார்த்து நின்றது.

தட்டில் ஒரு பருக்கைகூடக் குறையவில்லை.

போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தேன். என் வீட்டுப் பானையில் இருந்த சோறு முழுவதையும் தின்றுவிட்டேன். மருமகள் மறுபடி உலை வைத்திருக்கிறாள். அது கொதிக்கும்வரை கூட என்னால் பொறுக்க முடியவில்லை.