பதினோரு நாள் பாக்கி

ஓர் உயிரின் விலை இரண்டாயிரத்து நானூறு.

அதுவும் அடித்துப் பேசிக் குறைத்த விலை!

யாருடைய உயிர் என்பது மட்டும் பேரம் பேசியவருக்கு அப்போது தெரியாது.

மனைவி செத்து மூன்றாம் நாள். டைல்ஸ் கடைக்காரர் கட்டிலில் உட்கார்ந்து வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையணைக்கடியில் அவளுடைய போன் அலறியது.

திரையில் 'தையல்கடை' என்றிருந்தது.

எடுத்தார். வாயைத் திறப்பதற்குள் ஓர் ஆண் குரல் கிசுகிசுத்தது.

"இன்னும் பதினோரு நாள்தான். அதுவரைக்கும் வீட்டுக்காரர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. பையை ரெடியா வச்சுக்கங்க."

துண்டித்தது.

எந்தப் பை...?

கட்டிலுக்கடியில் கையை விட்டார். இருந்தது! நீலப் பை. உள்ளே இரண்டு நைட்டி, ஒரு துண்டு, புதுச் செருப்பு, ஒட்டிய கவர் ஒன்று.

சுவர்க் காலண்டரைப் புரட்டினார். ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தேதியிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. அவள் சமையலறையில் சுருண்டு விழுந்த நாளோடு நின்றுபோயிருந்தது. இன்றிலிருந்து சரியாகப் பதினோராம் நாளில் ஒரு வட்டம்.

ஓடிப்போக நாள் குறித்திருக்கிறாள்!

இருபத்திரண்டு வருஷ வாழ்க்கை...

தெருவில் அவருக்கு 'மூணு கொட்டேஷன்' என்று பெயர். ஆணி வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்பவர். பெண் பார்த்ததும் மூன்று வீட்டில். "கடைசில நான்தான் சீப்பா அமைஞ்சேனா?" என்று அவள் கேலி செய்வாள்.

போன வருஷம் மருத்துவ இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கும்போதும் அதே கதைதான். பன்னிரண்டு வருஷமாகக் கட்டிவந்த கம்பெனியைக் கைகழுவிவிட்டு, மூன்று கம்பெனிகளை மோதவிட்டு, இரண்டாயிரத்து நானூறு குறைவாக ஒன்றைப் பிடித்தார். இருவருக்கும் எந்த நோயும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெயித்த கதையை அன்று மாலை வீட்டில் சொன்னபோது, அவளுடைய சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. அவர் கவனிக்கவில்லை.

இப்போது அவளுடைய போனிலிருந்தே செய்தி அனுப்பினார். உடனே பார்க்க வேண்டும், எங்கே?

பதில் வந்தது. ஒரு ஸ்கேன் சென்டரின் பின்வாசல்.

டைல்ஸ் உடைக்கும் சுத்தியலை அந்த நீலப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

பின்வாசல் படியில் வெள்ளைக் கோட்டோடு நின்ற ஆளுக்கு அறுபது வயதிருக்கும். கண்ணாடி கயிற்றில் தொங்கியது. அங்கே ரிப்போர்ட் டைப் அடிப்பவர்.

சுத்தியல் வெளியே வந்தது.

"எத்தனை நாளாய்யா நடக்குது?"

கிழவர் சுத்தியலைப் பார்த்தார். நீலப் பையைப் பார்த்தார்.

"நீங்க... மூணு கொட்டேஷன் சாரா? அவங்க எங்க?"

"செத்துட்டா."

கிழவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு திக்கித் திக்கிச் சொன்னார். போன வருஷம் ஒரு காலையில் அவள் ஸ்கேன் எடுத்தாள். இதய வால்வு பழுது. ஆபரேஷனுக்கு நாலரை லட்சம். பழைய பாலிசி இருந்தால் முழுசாகக் கிடைத்திருக்கும். அது முதல்நாள்தான் முடிந்திருந்தது. மாலையில் கணவர் புது பாலிசியோடு வந்து நின்றார். இதய நோய்க்கு முதல் ஒரு வருஷம் அதில் சல்லிக்காசு வராது; நோயே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டதால், பழைய ரிப்போர்ட் வெளியே வந்தால் எப்போதுமே வராது.

அதனால், அந்த ரிப்போர்ட்டை மறைத்துவிட்டு, வருஷம் முடிந்ததும் புதுத் தேதியில் ஒன்று தரச் சொன்னாளாம்.

"குத்தம்மா இதுன்னேன். கேக்கலை. ஒரு வருஷம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம்னாரு டாக்டர். அவங்க முதல் பாதியை மட்டும் காதுல வாங்கிக்கிட்டாங்க."

"எங்கிட்ட ஏன்யா சொல்லலை?"

"சொன்னா கடையை வித்துடுவீங்களாம். அதுவும் அவங்களுக்குன்னா விலையே பேசாம வித்துடுவீங்களாம். அந்த நஷ்டத்தைக் கண்ணால பாக்க முடியாதுன்னாங்க."

சுத்தியல் பைக்குள் போயிற்று. பழக்கதோஷம், வாய் கேட்டது.

"இதுக்கு நீ எவ்வளவு வாங்கின?"

"அஞ்சாயிரம் கேட்டேன் சார். ரெண்டாயிரத்து நானூறுக்கு முடிச்சிட்டாங்க."

கவரைக் கிழித்தார். மூன்று ஆஸ்பத்திரிகளின் கொட்டேஷன்! மூன்றாவதன் ஓரத்தில் அவள் கையெழுத்து.

'இதுதான் சீப். அவர் வந்து பேசினா இன்னும் குறையும்.'

படியில், கிழவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

கடைக்காரரின் போன் அடித்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிப் பெண். பதினோரு நாளில் பாலிசி புதுப்பிக்க வேண்டும் என்றாள். மனைவி இல்லை என்று சொன்னார். வருத்தம் தெரிவித்துவிட்டு, அப்படியானால் பிரீமியம் பாதிதான் என்றாள். இன்னும் கொஞ்சம் குறைக்கவும் வழி இருக்கிறதாம்.

"வேணாம்மா," என்றார். "நீ சொல்ற விலையே இருக்கட்டும்."

கொட்டேஷனின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினார்.

வரவு: 2,400.

செலவு: 2,400.

பாக்கி: பதினோரு நாள்.