சிவப்பு ரப்பர் பேண்ட்

காலை 10.45. காபிக் கடையில் மூன்றாவது மேஜையில் உட்கார்ந்திருந்த பெண் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. மேஜையில் அரைக் கோப்பை காபி மிச்சம் இருந்தது.

இறந்தவள் கடை முதலாளியின் தங்கை. பால் அவளுக்கு ஆகாது. ஒரு வாய் உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சை அடைத்துவிடும். ஆனால் இது வீகன் கடை. பால், வெண்ணெய் எதற்கும் உள்ளே இடமில்லை. வாசல் பலகையே அப்படித்தான் சொன்னது: ‘என் தங்கை பயமில்லாமல் குடிக்கும் கடை.’

ஒரு காலத்தில் பாலில்லாத காபி கேட்டால் கறுப்புத் தண்ணீரை நீட்டிவிட்டு ஏற இறங்கப் பார்ப்பார்கள். இப்போது எந்த ஓட்டலிலும் வீகனுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. சூப்பர்மார்க்கெட்டில் ஒரு வரிசை முழுக்கப் பச்சை இலை போட்ட டப்பாக்கள். இந்தக் கடையின் புட்டிக் காபியும் அன்று காலைதான் அந்த வரிசையில் ஏறியது. முதலாளி அதற்காகப் போயிருந்தார். அண்ணனுக்கு வாழ்த்துச் சொல்ல வந்த தங்கை, அவர் வரும்வரை ஒரு காபி குடிக்கலாம் என்று உட்கார்ந்தாள்.

11.30. இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். ஸ்டேஷனில் அவருக்கு ‘வடிகட்டி’ என்று பட்டப்பெயர். அது அவருக்கும் தெரியும்.

செய்தி கேட்டு ஓடிவந்திருந்த முதலாளி அழுதுகொண்டே, காபி போடும் பெண்ணை நோக்கிக் கையை நீட்டினார். “இவதான் மேடம். சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகலை. பையைப் பாருங்க.”

பையில் ஒரு பால் பாக்கெட்.

“குழந்தைக்கு வாங்கினது மேடம்” என்றாள் அவள்.

வடிகட்டி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலைகூட வெட்டப்படவில்லை.

“ரெண்டா வாங்கியிருப்பா” என்றார் முதலாளி.

காபி போடும் பெண் அழவில்லை. அழுதால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று பயம். தன்னை அழைத்துப் போய்விட்டால் சாயங்காலம் குழந்தையை யார் தூக்குவார்கள் என்பதுதான் அவள் மனசெல்லாம்.

வடிகட்டி மூன்றாவது மேஜைக்குப் போய்க் குனிந்தார். ஆறிப்போன காபியின் மேல் மெல்லிய ஆடை சுருங்கிக் கிடந்தது.

“எந்தப் பால்ல போட்டே?”

“மேடை மேல இருக்கிற பாதாம் பால் பெட்டி மேடம். எல்லாருக்கும் அதுலதான்.”

“நீ திறந்ததா?”

“திறக்கிற வேலையே எனக்கு இல்லை. நான் வர்றதுக்கு முன்னாடியே முதலாளி எல்லாத்தையும் திறந்து அடுக்கி வெச்சிருப்பார்.”

வடிகட்டி அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கரண்டி ஊற்றிக் காய்ச்சி, ஆறவைத்தார். ஆடை படிந்தது. பாதாம் பாலில் இப்படி ஆடை கட்டாது.

“பார்த்தீங்களா, பெட்டியிலேயே கலந்துட்டா” என்றார் முதலாளி.

வடிகட்டி சுவரைப் பார்த்தார். வாடிக்கையாளர்கள் ஒட்டிப்போன பாராட்டுச் சீட்டுகள். ‘நம்பவே முடியவில்லை, அசல் பால் மாதிரியே இருக்கிறது.’ ஒன்றிரண்டு, பல மாதங்களுக்கு முன்பே ஒட்டியவை, நிறம் மங்கிப் பழுத்திருந்தன. பிறகு ஃபிரிட்ஜைத் திறந்தார். கீழ்த்தட்டில், எல்லாவற்றுக்கும் பின்னால், சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டிய ஒரு பெட்டி தனியாக இருந்தது.

“இது என்ன?”

“தெரியாது மேடம். தொடக் கூடாதுன்னு மட்டும் சொல்லியிருக்கார். தங்கச்சி வந்தா அவரே அதுல காபி போட்டுக் கொடுப்பார்.”

அதையும் காய்ச்சிப் பார்த்தார். ஆடை இல்லை.

12.15. வடிகட்டி நாற்காலியை இழுத்து முதலாளிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“ஒரே ஒரு சந்தேகம். சைவ ஓட்டல்ல சைவம் சாப்பிடறவருக்குன்னு தனிச் சட்டி வைப்பாங்களா?”

“புரியலை மேடம்.”

“பாலே இல்லாத கடையில, பால் ஆகாதவங்களுக்குத் தனிப் பெட்டி எதுக்கு?”

முதலாளியின் பார்வை சிவப்பு ரப்பர் பேண்ட் பெட்டிக்குப் போனது.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவனை ஊர் சிரிக்கும். இந்தக் கடையில் வெளுத்தது எதுவும் பால் இல்லை என்று ஊரே நம்பியது. நம்பாதவர் ஒருவர்தான், பெட்டிகளை நிரப்பியவர்.

“பாதாம் பால் காபி சுண்ணாம்புத் தண்ணி மாதிரி இருக்குன்னாங்க மேடம்” என்றார் முதலாளி. “ஈ ஓட்டிக்கிட்டிருந்தேன். ஒரு நாள் பசும்பாலை ஊத்திப் பார்த்தேன். அப்புறம்தான் கூட்டம் வந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலையே.”

“ஏதாவது ஆகக்கூடிய ஒருத்தரை மட்டும் பத்திரமாப் பார்த்துக்கிட்டீங்க. மத்த வீட்டுத் தங்கச்சிங்க எப்படிப் போனாலும் சரி.” வடிகட்டியின் குரலில் கோபம் ஏறியது. “அந்தப் பெட்டியை எடுன்னு இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தங்கச்சி பிழைச்சிருப்பாங்க. ஆனா ஏன்னு கேட்டிருப்பாளே. சொந்தத் தங்கச்சி செத்துக் கிடக்கறப்பவும் பழியை இவ தலையில கட்டப் பார்த்தீங்க.”

சூப்பர்மார்க்கெட்டுக்கு உடனே ஆளனுப்பினார். இலைப் படம் போட்ட அந்தப் புட்டி ஒன்றுகூட யார் கைக்கும் போகக் கூடாது. காபி போடும் பெண்ணிடம் பால் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். “நீ வீட்டுக்குப் போ. குழந்தை தேடும்.”

அவள் வெளியே போகும்போது இறந்தவளின் கணவர் உள்ளே ஓடிவந்தார். மனைவி இறந்த செய்தி மட்டும்தான் அவருக்குத் தெரியும், பாலைப் பற்றி இன்னும் எதுவும் தெரியாது. நேரே போய் முதலாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிடுங்க மச்சான். தப்பு என்மேலதான். எங்கே போனாலும் அந்த அலர்ஜி ஊசி அவ பையில இருக்கும். இன்னைக்கும் எடுத்துக் கையில கொடுத்தேன். ‘அண்ணன் கடைக்குத்தானே போறேன், அங்கே எதுக்கு’ன்னு வெச்சுட்டு வந்துட்டா.”